கொதிக்கின்ற நீரும் வேகாத முட்டையும்

முட்டை வேக வைப்பதற்கும் ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் நகைக்கலாம். சென்ற ஆண்டு வரை நானும் நகைத்திருப்பேன். நீரைக் கொதிக்க வைக்க வேண்டியது. முட்டையைப் போட வேண்டியது. எடுத்து உரித்து உண்ண வேண்டியது. இதில் ஆராய்ச்சிக்கு இடம் ஏது? ஆயினும் இந்தச் சிறிய வேலையில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் நான் மூன்று முறை தவறினேன். என் தவறுக்கு என் தாயார் தம் கைக்காசைக் கொடுத்தார். அந்தக் கடனை அடைக்கும் வழிகளில் ஒன்றாகவே இதனை எழுதுகிறேன்.

நம் மன்றத்து மாணவர்கள் இரு வேறு உயரங்களிலிருந்து வந்தவர்கள். ஒரு சாரார் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் ஆகிய பாலக்காட்டுச் சமவெளி ஊர்களைச் சேர்ந்தவர்கள். மற்றொரு சாரார் தேவிகுளம், பீர்மேடு மலைத் தோட்டங்களில் பிறந்தவர்கள். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இவ்விரு பகுதிகளும் கேரளத்தோடு நின்றன. இவற்றிலே வாழ்ந்த தமிழரும் கேரளத்தவராயினர். எல்லோரும் பேசுவது ஒரே தமிழ்தான். ஆனால் இரு பகுதிகளிலும் நீர் ஒரே வெப்பத்தில் கொதிப்பதில்லை. இந்த ஒன்றை நான் மறந்ததனால் வந்த கதை இது.

நடந்தது என்ன?

என் பாட்டனார் காலத்தில் கங்காணியின் பின்னால் மலையேறிய குடும்பம் எங்களுடையது. மூணாற்றுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீடு இருக்கிறது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா, முதுகு வலி கண்டபின் அருகிலுள்ள ஒரு பள்ளியில் மதிய உணவு சமைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அறுபது பிள்ளைகள் உண்கிறார்கள். கேரளத்துப் பள்ளி உணவில் வாரத்துக்கு ஒரு முட்டை உண்டு. முட்டை உண்ணாத பிள்ளைக்கு நேந்திரம்பழம் உண்டு. முட்டைக்கிழமையென்றால் பிள்ளைகளுக்குத் திருநாள். அம்மாவுக்கோ அது சோதனை நாள்.

ஏனெனில் முட்டை உரியவில்லை. ஓட்டைப் பெயர்த்தால் வெள்ளைக்கருவும் கூடவே பெயர்ந்து வந்தது. தட்டில் விழுந்த முட்டை அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் இருந்தது. “கவனம் இல்லாமல் உரிக்கிறாய்; பாதி முட்டை குப்பைக்குப் போகிறது” என்று மேற்பார்வை செய்தவர் கடிந்துகொண்டார். அது வெறும் அழகுக் குறையன்று. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. அதிலே பாதிக்கு மேல் இருப்பது வெள்ளைக்கருவில்தான். ஓட்டோடு போவது பிள்ளையின் பங்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கொழிஞ்சாம்பாறையில் சித்தி வீட்டில் இருந்தபோது அம்மா தொலைபேசியில் அழைத்தார்.

“பாப்பா, நீ ரசாயனம் படிக்கிறியே, இந்த முட்டை ஏன் உரிய மாட்டேங்குதுன்னு சொல்லேன். கடையில வாங்குற நாமக்கல் முட்டை வழுக்கிக்கிட்டு உரியுது. லயத்து வீடுகள்ல வாங்குற முட்டைதான் சதையோட வருது.”

“முட்டைன்னா எல்லாம் ஒண்ணுதாம்மா. நீங்க பச்சைத் தண்ணியில போட்டு அடுப்பேத்துறீங்க. கொதிக்கிற தண்ணியில போடுங்க. பதினோரு நிமிசம் வைங்க. அப்புறம் பச்சைத் தண்ணியில போட்டு உரிங்க. நான் இங்கே வாராவாரம் அப்படித்தான் செய்யறேன்.”

சித்தி வீட்டில் நான் செய்தது உண்மை. நான்கு முட்டை, பதினோரு நிமிடம், பட்டுப்போல் உரியும். அந்தப் பெருமிதத்தில்தான் சொன்னேன். அடுத்த முட்டைக்கிழமை மாலையில் அம்மா மீண்டும் அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது.

“நீ சொன்ன பதினோரு நிமிசம்தான் வச்சேன் பாப்பா. உரிக்க நல்லாத்தான் வந்துச்சு. ஆனா உள்ளே மஞ்சக்கரு தண்ணியா நிக்குது. பிள்ளைங்க தொடல. அறுபது முட்டைக்கும் நான்தான் காசு குடுத்தேன்.”

நான் வாய் பேசாமல் இருந்தேன். கொதிநிலை காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்று தேர்விலே எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அடுப்பருகே அந்தப் பாடம் எனக்கு நினைவில் வரவில்லை.

நீர் எங்கே, எப்போது கொதிக்கிறது?

நீரைச் சூடாக்கும்போது அதன் துகள்கள் ஆவியாகி வெளியேற முயல்கின்றன. மேலிருந்து காற்று அவற்றை அழுத்திக்கொண்டிருக்கிறது. ஆவியின் அழுத்தம் காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும்போதுதான் நீருக்குள்ளே குமிழிகள் எழுந்து கொதி வருகிறது. கடல் மட்டத்தில் இது 100 பாகை செல்சியஸில் நிகழ்கிறது. மலையேற ஏறத் தலைக்கு மேலுள்ள காற்று குறைகிறது, அழுத்தமும் குறைகிறது, நீர் முன்னதாகவே கொதித்துவிடுகிறது. நம் மலைகளின் உயரத்தில் 300 மீட்டருக்கு ஏறத்தாழ 1 பாகை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊர்களுக்கு இக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பாலக்காட்டுச் சமவெளியில் நீர் 100 பாகையை ஒட்டியே கொதிக்கும். ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள குமுளி, பீர்மேட்டுப் பகுதிகளில் 97 பாகை. 1,500 மீட்டருக்கு மேலுள்ள மூணாற்றில் 95 பாகை. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி உச்சியில் அடுப்பு மூட்டினால் 91 பாகை. எவரெஸ்டின் உச்சியில் 71 பாகைக்கு அருகிலேயே கொதி வந்துவிடும்.

“ஐந்து பாகைதானே, என்ன கெட்டுவிடும்?” என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். முட்டை நீரின் வெப்பத்தைக் கொண்டு வேகிறது. கொதியின் ஆரவாரத்தைக் கொண்டு வேகவில்லை. கொதித்துக்கொண்டிருக்கும் திறந்த பாத்திரத்தில் தீயை எவ்வளவு கூட்டினாலும் நீரின் வெப்பநிலை உயராது, ஆவிதான் மிகும், எரிவாயு வீணாகும். மூணாற்றில் 95 பாகை என்றால் 95 பாகைதான். மஞ்சள்கருவின் மையம் 75, 80 பாகையை எட்டினால்தான் முட்டை முழுதும் வெந்ததாகும். வெளியே உள்ள வெப்பத்துக்கும் உள்ளே எட்ட வேண்டிய வெப்பத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு சுருங்கச் சுருங்க, கடைசிச் சில பாகைகள் ஏற நெடுநேரம் பிடிக்கும். அதனால் சமவெளியில் 11 நிமிடம் கேட்கும் முட்டை மூணாற்றில் 14 நிமிடம் கேட்கிறது. ஐந்து பாகைக் குறைவு கால் பங்கு நேரத்தைக் கூட்டிவிடுகிறது.

இந்தத் தொல்லைக்கு ஆளானவர் நான் மட்டும் அல்லேன். 1835-இல் சார்லஸ் டார்வின் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையைக் கடந்தபோது, உடன் வந்தவர்கள் உருளைக்கிழங்கை மணிக்கணக்கில் கொதிக்க வைத்தும் அது வேகவில்லை. காற்றழுத்தக் குறைவே காரணம் என்று டார்வின் அறிந்திருந்தார். உடன் வந்தவர்களோ, பானை புதியது, அதற்கு உருளைக்கிழங்கை வேக வைக்க மனமில்லை என்று முடிவு கட்டினார்களாம். அந்த மலையில் பானையின்மேல் பழி போட்டார்கள். எங்கள் மலையில் சமைத்தவர்மேல் பழி போட்டார்கள். இரண்டிடத்திலும் குற்றம் காற்றினுடையது.

நான்கு முட்டையும் அறுபது முட்டையும்

ஆனால் முழுப் பழியையும் மலையின்மேல் சுமத்தி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. பதினோரு நிமிடத்தில் மஞ்சள்கரு நீராய் நின்றதற்கு உயரம் மட்டும் காரணமன்று. நான் சொன்னது நான்கு முட்டைக்கு உரிய கணக்கு. அம்மா வேக வைத்தது அறுபது முட்டை.

சித்தி வீட்டில் ஒன்றரை லிட்டர் கொதிநீரில் நான்கு முட்டையை இறக்கினால் நீரின் வெப்பம் 7 பாகை அளவு குறையும். ஒரு நிமிடத்தில் மீண்டும் கொதி வந்துவிடும். அம்மாவின் பாத்திரத்தில் இருந்தது 8 லிட்டர் நீர். அறுபது முட்டைகளின் எடையோ 3 கிலோவுக்கு மேல். மலைக் குளிரில் அவை 16 பாகையில் இருந்தன என்று கொள்வோம். கணக்கிட்டுப் பார்த்தால் 95 பாகையில் இருந்த நீர் 75 பாகைக்கு இறங்கிவிடும். அது மீண்டும் கொதிப்பதற்குள்ளேயே நான் சொன்ன பதினோரு நிமிடத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கும். எப்போதிலிருந்து நேரத்தை எண்ண வேண்டும் என்பதை நான் சொல்லவே இல்லை. அம்மா முட்டையைப் போட்ட நொடியிலிருந்து எண்ணினார். யாராயினும் அப்படித்தான் எண்ணுவார்கள்.

ஆகவே உயரத்தை மறந்தது முதல் தவறு. எண்ணிக்கையை மறந்தது இரண்டாம் தவறு. மூன்றாவதைச் சொல்வதற்கு முட்டைக்குள்ளே சற்று நுழைந்து பார்க்க வேண்டும்.

ஓட்டுக்குள்ளே நடப்பது

முட்டையின் ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது; சுண்ணாம்புக் கல்லும் அதுவே. பார்வைக்கு மூடிய சுவர்போல் தோன்றும் அந்த ஓட்டில் 7,000 முதல் 17,000 வரை நுண்துளைகள் உண்டு. ஓட்டின் உட்புறத்தில் ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன. முட்டையின் அகன்ற முனையில் மட்டும் அவை பிரிந்து இடையே ஒரு காற்றறையை விடுகின்றன. கோழியின் உடற்சூட்டில் வெளிவந்த முட்டை ஆறும்போது உள்ளிருப்பது சுருங்குகிறது. அந்த இடத்துக்குக் காற்று வருகிறது. நாள் ஆக ஆக ஈரம் வெளியேறி இந்த அறை பெரிதாகும். நீரில் இட்டால் புதுமுட்டை அடியில் படுத்துக்கிடப்பதும், பழைய முட்டை அகன்ற முனையை மேலே தூக்கி நிற்பதும், மிகப் பழையது மிதப்பதும் இதனால்தான்.

வெள்ளைக்கரு நீரும் புரதமும் சேர்ந்தது. அதன் புரதங்கள் நூலுருண்டைபோல் சுருண்டு கிடக்கின்றன. சூடேறினால் சுருள் அவிழ்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன; பின்னலுக்குள் நீர் சிறைப்படுகிறது; குழம்பு கட்டியாகிறது. எல்லாப் புரதமும் ஒரே வெப்பத்தில் அவிழ்வதில்லை. ஒரு புரதம் 62 பாகையை ஒட்டி இறுகத் தொடங்கும். வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கு மேலுள்ள ஓவால்புமினுக்கோ 80 பாகைக்கு மேல் வேண்டும். மஞ்சள்கரு 65 பாகையில் குழைந்து, 70 பாகையில் நிலைகொள்ளும்.

பின்னிக்கொள்ளும்போது இப்புரதங்கள் தமக்குள் மட்டும் பின்னிக்கொள்ளலாம். பக்கத்தில் உள்ள சவ்வோடும் பின்னிக்கொள்ளலாம். தமக்குள் பின்னினால் ஓடு கழன்று வரும். சவ்வோடு பின்னினால் சதையோடு வரும். உரிப்பவரின் கைத்திறம் இதற்குப் பிறகு வருவதே. எது நிகழும் என்பதை இரண்டு காரணங்கள் தீர்மானிக்கின்றன.

முதற்காரணம் முட்டையின் வயது. அன்றிட்ட முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமிலவாயு கரைந்திருக்கிறது. கார அமில அளவைக் காட்டும் பி.எச். எண் அப்போது 7.6 அளவில் இருக்கும். நாள் செல்லச் செல்ல அந்த வாயு நுண்துளைகளின் வழியே கசிந்து போகிறது, வெள்ளைக்கருவின் காரத்தன்மை ஏறுகிறது, பி.எச். எண் 9.2 வரை உயர்கிறது. காரத்தன்மை குறைந்த புதுமுட்டையில் வெள்ளைக்கரு சவ்வை இறுகப் பற்றிக்கொள்கிறது. காரத்தன்மை ஏறிய முட்டையில் அந்தப் பற்று தளர்கிறது. புதுமுட்டை நல்ல முட்டைதான். உரிப்பதற்கு மட்டும் பொல்லாத முட்டை.

அம்மா சொன்னது இதைத்தானே! நாமக்கல்லில் பண்ணையிலிருந்து புறப்பட்டு, லாரி ஏறி, எல்லை கடந்து, மலைப்பாதை சுற்றிக் கடைக்கு வரும் முட்டைக்குச் சில நாள் வயதாகிவிடுகிறது. லயத்துக் கோழி இட்டதோ நேற்றைய முட்டை. போதாக்குறைக்குக் குளிர்ச்சியில் இந்தக் கசிவு மெதுவாகவே நடக்கும். சித்தூர் வெயிலில் விரைவில் வயதாகும் முட்டை, மூணாற்றுக் குளிரில் நெடுநாள் இளமையோடு இருக்கும். “முட்டையென்றால் எல்லாம் ஒன்றுதான்” என்றேனே, அதுவே என் மூன்றாம் தவறு. தம் கையால் உரித்துக் கண்டதை அம்மா சொன்னார். படித்த அகந்தையில் அதை ஒரு மூடநம்பிக்கை என்று நான் தள்ளினேன்.

இரண்டாம் காரணம் முதற்சூடு. பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றினால் வெள்ளைக்கரு மெல்ல மெல்லச் சூடாகிறது. அந்த நிதானத்தில் அது சவ்வோடு நன்றாகப் பிணைந்துகொள்ள நேரம் கிடைக்கிறது. கொதிநீரிலோ ஆவியிலோ இட்டால் ஓரத்து வெள்ளைக்கரு சட்டென்று இறுகித் தன்னுள் சுருங்கிவிடுகிறது. இதை மட்டும் நான் சரியாகச் சொல்லியிருந்தேன். அன்று முட்டை உரிந்ததற்கு இதுவே காரணம்.

வீட்டிலே ஒரு சோதனை

ஓணம் விடுமுறைக்குப் புறப்படும்போது சொந்தக் காசில் ஒரு வெப்பமானி வாங்கிக்கொண்டேன். சித்தி வீட்டில் கொதிநீரில் வைத்துப் பார்த்தேன். பாதரசம் 100-ஐ ஒட்டி நின்றது. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாகப் பேருந்தேறி வீடு சேர்ந்தேன். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போகத் தமிழ்நாட்டைக் கடக்கும் பாதை அது. அன்றிரவே எங்கள் அடுப்பில் நீர் கொதித்தது. வெப்பமானியை அம்மாவின் கையில் கொடுத்தேன். பாதரசம் 95-இல் ஏறி நின்றது, அதற்குமேல் அசையவில்லை. அடுப்பைத் தூண்டிப் பார்த்தார்; அப்போதும் அசையவில்லை.

“அப்போ என் மேல தப்பு இல்லையா?” என்றார் அம்மா.

மறுநாள் பன்னிரண்டு முட்டைகளை எடுத்தோம். கடை முட்டை ஆறு. லயத்து முட்டை ஆறு. ஒவ்வொன்றிலும் பென்சிலால் குறியிட்டோம். ஒவ்வொரு வகையிலும் பாதியைப் பச்சைத் தண்ணீரில் தொடங்கினோம். பாதியைக் கொதிநீரில் இறக்கினோம். கொதிநீரில் இட்ட கடை முட்டைகள் வழுவழுப்பாக உரிந்தன. பச்சைத் தண்ணீரில் தொடங்கிய லயத்து முட்டைகள் பழையபடியே சதையோடு வந்தன. மற்ற இரு வகைகளும் இடைப்பட்டு நின்றன. அவற்றிலும் கொதிநீரில் இட்ட லயத்து முட்டைகள் மேலாக இருந்தன. பன்னிரண்டு முட்டை ஓர் ஆராய்ச்சி ஆகிவிடாது என்பதை அறிவேன். ஆயினும் நூலில் படித்ததும் அம்மா கண்டதும் எங்கள் வீட்டுத் தட்டிலே ஒன்றாகச் சேர்ந்தன.

செய்முறை

வீட்டிலோ விடுதியிலோ செய்து பார்க்க விரும்புவோர்க்கு முறையைத் தொகுத்துச் சொல்கிறேன்.

1. ஒரு வாரம் ஆன முட்டையைத் தேர்ந்துகொள்க. புதுமுட்டையாயின் பென்சிலால் தேதி எழுதி, விரிசல் இல்லாதவற்றை மட்டும் குளிர்ந்த இடத்தில் வைத்து, பழையதை முன்னதாக எடுத்து வருக. புதுமுட்டையை ஆம்லெட்டுக்கும் பொரியலுக்கும் பயன்படுத்துக.

2. முட்டைகள் மூழ்கி, மேலே இரண்டு விரற்கடை நிற்கும் அளவு நீரைக் கொதிக்க வைத்து, கரண்டியால் ஒவ்வொன்றாக மெல்ல இறக்குக. தூக்கிப் போட்டால் ஓடு வெடிக்கும். இட்லிப் பானையின் ஆவியிலும் வேக வைக்கலாம். ஆவியின் வெப்பமும் கொதிநீரின் வெப்பமும் ஒன்றே. சிறிதளவு நீரே போதுமாதலால் எரிபொருள் மிஞ்சும்.

3. மீண்டும் கொதி வந்தபின் நேரத்தை எண்ணுக. முழுதும் வேகச் சமவெளியில் 11 நிமிடம்; குமுளி, பீர்மேட்டு உயரத்தில் 12 அல்லது 13 நிமிடம்; மூணாற்றில் 14 நிமிடம். பெரிய முட்டைக்கு ஒரு நிமிடம் கூட்டுக. ஒரே அடுக்கில் நிறைய முட்டைகள் வேண்டாம். அறுபது என்றால் இருபது இருபதாக மூன்று முறை வேக வைக்கலாம். நீர் அதுவே போதும்.

4. முதலில் ஒன்றை எடுத்து அறுத்துப் பார்க்க. பிள்ளைகளுக்கும் கருவுற்றோர்க்கும் முதியோர்க்கும் மஞ்சள்கரு முழுதும் இறுக வேண்டும். சால்மொனெல்லா என்னும் கிருமி அரைவேக்காட்டு முட்டையில் தப்பிப் பிழைக்கக்கூடும்.

5. உடனே பச்சைத் தண்ணீரில் இடுக. மூணாற்றுக் குழாய் நீர் அதுவாகவே போதும். பாலக்காட்டு மார்ச் மாதத்தில் குழாய் நீரே வெதுவெதுப்பாக இருக்குமாதலால் மண்பானைத் தண்ணீரை ஊற்றி, இரண்டு முறை மாற்றுக. வேக்காடு அங்கேயே நிற்கும்.

6. ஓட்டை எல்லாப் பக்கமும் தட்டி நொறுக்கி, காற்றறை இருக்கும் அகன்ற முனையிலிருந்து தொடங்குக. ஓட்டை மட்டும் பெயர்க்காமல் சவ்வைப் பிடித்து இழுக்க வேண்டும். நீருக்குள் வைத்து உரித்தால் சவ்வுக்கும் கருவுக்கும் இடையே நீர் புகுந்து வேலையை எளிதாக்கும்.

சில ஐயங்கள்

உப்புப் போட்டால் விரைவில் வேகாதா என்று கேட்பதுண்டு. ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் உப்பைக் கரைத்தாலும் கொதிநிலை ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்குகூட உயராது. ஓடு விரிந்த முட்டையிலிருந்து வெள்ளைக்கரு பரவாமல் இறுக உப்பு உதவும், அவ்வளவே. சமையல் சோடா, காரத்தன்மை என்ற காரணத்தால் ஓரளவு உதவக்கூடும். ஆனால் மிகுந்தால் வாடை ஏறும். மேற்சொன்ன இரண்டையும் கடைப்பிடித்தால் அது தேவையே இல்லை.

குக்கரைப் பயன்படுத்தலாமா எனின், பயன்படுத்தலாம். மூடிய கலத்தில் அழுத்தம் ஏறுவதால் மூணாற்றிலும் நீரின் வெப்பம் 118 பாகை அளவுக்கு உயரும். மலையில் பருப்பு வேகக் குக்கர் இன்றியமையாதது. முட்டைக்கோ நேரம் சிறிது தவறினாலும் வெள்ளைக்கரு ரப்பர்போல் ஆகிவிடும். மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை வளையமும் தோன்றும். வெள்ளைக்கருவிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் சல்பைடு, மஞ்சள்கருவின் இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது. அதனால் உடலுக்குக் கேடில்லை. முட்டை அளவுக்கு மிஞ்சி வெந்தது என்பதற்கு அடையாளம் மட்டுமே.

உரித்த முட்டையை நெடுநேரம் வெளியே வைக்கலாகாது. ஓடு இருக்கும்வரை அதற்கு ஒரு காவல் உண்டு, உரித்தபின் இல்லை. வெயில் ஊர்களில் இரண்டு மணி நேரத்துக்குள் உண்டுவிடுவதே நன்று.

முடிவாக

விடுமுறை முடிந்தபின் வந்த முட்டைக்கிழமையில் அம்மா இருபது இருபதாக வேக வைத்தார். லயத்து முட்டைகளை ஒரு வாரம் கூடையில் வைத்திருந்து எடுத்தார். கொதி மீண்ட பிறகு பதினான்கு நிமிடம் எண்ணினார். அன்று அறுபதில் நான்கைந்துதான் ஓரம் சிதைந்தன. மஞ்சள்கரு எல்லாவற்றிலும் இறுகியிருந்தது. முன்பு கொடுத்த காசு திரும்பி வரவில்லை. யாரும் அதைப்பற்றிப் பேசவும் இல்லை. வெப்பமானி இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பக்கத்து லயத்திலிருந்து யாரேனும் வந்தால் அம்மா அதை எடுத்துக் காட்டி, நம்ம ஊர்த் தண்ணி தொண்ணூத்தஞ்சுலயே கொதிச்சிரும் என்று விளக்குகிறார்.

தமிழ்நாட்டில் 1989-இல் சத்துணவோடு இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, 2010-இல் வாரத்துக்கு ஐந்து முட்டை வரை உயர்ந்தது. கேரளத்தில் வாரத்துக்கு ஒன்று வருகிறது. நீலகிரியிலும் வால்பாறையிலும் மூணாற்றிலும் வட்டவடையிலும் எத்தனையோ அடுப்புகளில், எத்தனையோ தாய்மார்கள், சமவெளியின் கடிகாரத்தைப் பார்த்து முட்டை வேக வைக்கிறார்கள். வேகாவிட்டாலும் உரியாவிட்டாலும் பழி அவர்கள்மேல் விழுகிறது.

தோழர்களே, நாம் பட்டம் பெற்று ஊர் திரும்பும்போது பல விதிகளைக் கையில் கொண்டு செல்வோம். அவற்றைப் பிறருக்குச் சொல்லுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். இந்த விதி எந்த இடத்தில் கண்டது? எத்தனைக்குக் கண்டது? எந்தப் பொருளைக் கொண்டு கண்டது? அதன்பின், அந்த வேலையை நாள்தோறும் செய்கிறவர் என்ன சொல்கிறார் என்பதையும் ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்போம். என் தாயார் ஓட்டை உரித்தே அறிந்திருந்ததை நான் மூன்று நூல்களைப் புரட்டியபின்தான் அறிந்தேன்.